ஜிலேபிக் கெண்டை

ஜிலேபிக் கெண்டை என்பது ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள ஆறுகள், ஏரிகள், கழிமுகங்கள் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் மீன் இனமாகும். இதன் அறிவியற்பெயர் ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ். மொசாம்பிக் திலாப்பியா என்பது இதன் பொதுப்பெயர். தமிழ்நாட்டில் ஜிலேபி மீன், ஜிலேபிக் கெண்டை, திலாப்பியா என்று பலவாறு அழைக்கிறார்கள். கெண்டை என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இது கெண்டைக் குடும்பத்து மீன் அன்று. சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது.

இம்மீன் ஒரே நேரத்தில் இரண்டு பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அழிவாய்ப்பு இனம். அதே சங்கத்தின் வல்லுநர் குழு தொகுத்த, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலிலும் இதன் பெயர் இருக்கிறது. பிறந்த இடத்தில் பாதுகாக்கப்பட வேண்டிய மீன், புகுந்த இடத்தில் பிறவற்றை நெருக்கித் தள்ளுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளும் மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய உப்பங்கழிகளும் அந்தப் புகுந்த இடங்களில் சேர்ந்தவையே. ஆகவே ஆப்பிரிக்க மீன் ஒன்றைப் பற்றிய இக்கட்டுரையில் கொளவாய் ஏரியும் முட்டுக்காடும் வருவதைக் கண்டு வாசகர்கள் வியக்க வேண்டியதில்லை.

பெயரும் வகைப்பாடும்

ஜெர்மானிய இயற்கையியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1840-களில் மொசாம்பிக் பகுதியில் பயணம் செய்து பல உயிரினங்களைச் சேகரித்தார். அவரே 1852-இல் இம்மீனை விவரித்துப் பெயரிட்டார். மொசாம்பிகஸ் என்ற இனப்பெயர் அந்த நாட்டைக் குறிப்பது. ஓரியோகுரோமிஸ் என்ற பேரினப் பெயரை 1889-இல் குந்தர் உருவாக்கினார். 'ஓரியோ' என்றால் கிரேக்கத்தில் மலை. கிளிமஞ்சாரோ மலைச்சாரலிலுள்ள சாலா ஏரியின் மீன் ஒன்றுக்காக முதலில் ஏற்பட்ட பெயர் அது. சமவெளி ஆற்று மீனுக்கும் கடலோர ஏரி மீனுக்கும் மலைப்பெயர் வந்தது இப்படித்தான். திலாப்பியா என்ற சொல்லோ தென்னாப்பிரிக்காவின் சுவானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1840-இல் ஆண்ட்ரூ ஸ்மித் அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார்.

பழைய பாடநூல்களில் இம்மீன் திலாப்பியா மொசாம்பிகா என்றே அச்சாகியிருக்கும். பிரித்தானிய மீனியலாளர் எதெல்வின் டிரெவாவஸ் இக்கூட்டத்தை இனப்பெருக்க முறையை வைத்துப் பிரித்தார். முட்டைகளைத் தரையில் இட்டுக் காப்பவை ஒரு பேரினம். வாயில் வைத்துக் காப்பவை வேறு பேரினங்கள். அவருடைய விரிவான நூல் 1983-இல் வெளிவந்தபின் ஓரியோகுரோமிஸ் என்ற பெயர் நிலைபெற்றது. பழைய புத்தகத்தில் ஒரு பெயர், புதிய புத்தகத்தில் வேறு பெயர் என்று குழம்பும் மாணவர்கள் இரண்டும் ஒரே மீன்தான் என்று அறிக.

உடல் அமைப்பு

பக்கவாட்டில் தட்டையான, உயரமான உடல். பெண் மீன்களும் இளம் மீன்களும் சாம்பல் கலந்த வெள்ளி நிறத்தில், பக்கங்களில் மங்கலான கரும்புள்ளிகளோடு இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் ஏறக்குறைய முழுக் கருப்பாகிவிடும். தலையின் அடிப்பகுதியும் தொண்டையும் மட்டும் வெளுத்து நிற்கும். முதுகுத்துடுப்பின் ஓரத்திலும் வால்துடுப்பின் ஓரத்திலும் சிவப்புக்கரை தெரியும். வளர்ந்த ஆணின் தாடைகள் பெரிதாகி, நெற்றி உட்குழிந்து, முகம் சற்று நீண்டு காணப்படும்.

நல்ல வளம் உள்ள இடத்தில் இம்மீன் 39 சென்டிமீட்டர் வரை வளரும். எடை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். 11 ஆண்டு வரை வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. நம் ஏரிகளில் அப்படிப்பட்ட மீனைக் காண்பது அரிது. உள்ளங்கை அளவிலேயே பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. காரணம் பின்னர் வருகிறது.

சிக்லிட் குடும்பத்துக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு நாசித்துளைகள் இருக்கும். சிக்லிட்டுகளுக்கு ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். உடலின் பக்கக்கோடும் தொடர்ச்சியாக ஓடாமல் முன்பகுதியில் மேலேயும் பின்பகுதியில் கீழேயுமாக இரண்டு துண்டாக இருக்கும். ஒரு ஜிலேபியையும் ஒரு ரோகுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களுக்குக் காட்டினால், இதைக் கரும்பலகையில் வரைந்து விளக்க வேண்டிய தேவையே இராது.

வாயே கூடு

இம்மீனின் வெற்றிக்கு அடிப்படை அதன் இனப்பெருக்க முறை. ஆண் மீன் ஆழமற்ற நீரில், மணலிலோ சேற்றிலோ, வாயால் தோண்டி வட்டமான குழி அமைக்கும். கோடையில் நீர் வடியும் ஏரிக்கரைகளில் தட்டுத்தட்டாகப் பல குழிகள் அடுத்தடுத்துத் தெரிவதுண்டு; மாடு மிதித்த தடம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். பெண் மீன் அந்தக் குழிக்கு வந்து முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாயில் அள்ளிக்கொள்ளும். அதன்பின் ஆணுக்கும் குஞ்சுகளுக்கும் தொடர்பில்லை. ஆண் அடுத்த பெண்ணை எதிர்பார்த்துக் குழியிலேயே காத்திருக்கும்.

முட்டைகள் மூன்று முதல் ஐந்து நாட்களில் தாயின் வாய்க்குள்ளேயே பொரிக்கின்றன. பொரித்த குஞ்சுகளும் மேலும் பத்துப் பதினான்கு நாட்கள் அங்கேயே இருக்கும். இந்தக் காலம் முழுவதும் தாய் அநேகமாக உணவு உட்கொள்வதில்லை. வெளியே விடப்பட்ட பின்னரும் சில நாட்களுக்கு, ஆபத்து நெருங்கினால் குஞ்சுகள் கூட்டமாகத் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். சிறிய தாயின் வாயில் நூறு முட்டை இருந்தால் பெரிய தாயின் வாயில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கலாம்.

கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகளோடு ஒப்பிட்டால் இந்த எண்ணிக்கை மிகச் சொற்பம். அவை இலட்சக்கணக்கில் முட்டையிடும். ஆனால் அவற்றுக்கு மழைக்கால ஆற்று வெள்ளம் வேண்டும். தேங்கிய ஏரிநீரில் அவை பொதுவாக இனப்பெருக்கம் செய்வதில்லை. இட்ட முட்டையைக் காப்பதும் இல்லை. அதனால்தான் ஏரிகளில் ஆண்டுதோறும் குஞ்சுகளை வாங்கி விடுகிறார்கள். ஜிலேபிக்கு அந்தத் தேவை கிடையாது. வெப்பமான பகுதிகளில் ஆண்டு முழுவதும் பலமுறை குஞ்சு பொரிக்கும். ஒருமுறை புகுந்த ஏரியில் அதை யாரும் மறுபடி விடவேண்டியதில்லை.

இடம் நெருக்கடியாகி உணவு குறைந்தால் இம்மீன் பெரிதாக வளர்வதை விட்டுவிட்டுச் சீக்கிரம் பருவமடைந்துவிடும். எட்டு, பத்து சென்டிமீட்டரிலேயே, இரண்டு மூன்று மாத வயதிலேயே, முட்டையிடத் தொடங்கும். ஒரு குளத்தில் பெரிய மீன்கள் கொஞ்சம் இருப்பதற்குப் பதிலாகப் பொடிமீன்கள் ஏராளமாக இருக்கும். உள்ளங்கை அளவோடு நின்றுவிடும் நம் ஏரி ஜிலேபிகளின் கதை இதுதான்.

ஆப்பிரிக்கத் தாயகம்

சாம்பெசி ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து தெற்கே தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியிலுள்ள புஷ்மன்ஸ் ஆறு வரை, கிழக்குக் கடலை நோக்கி ஓடும் ஆறுகளே இதன் இயற்கையான வாழிடம். மொசாம்பிக், மலாவி, சிம்பாப்வே, சாம்பியா, எஸ்வாத்தினி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் இதில் அடங்கும். ஆற்றின் மந்தமான பகுதிகள், கழிமுகங்கள், கடலோர ஏரிகள் இதற்கு உகந்தவை.

குவாசுலு-நட்டால் மாநிலத்தின் சிபாயா ஏரியை இங்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மிகப்பெரிய இயற்கை நன்னீர் ஏரி இது; கடலிலிருந்து உயர்ந்த மணற்குன்றுகளால் மட்டும் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1970-களில் இந்த ஏரியில் இம்மீனின் வாழ்க்கைமுறை விரிவாக ஆராயப்பட்டது. கோடையில் வளர்ந்த மீன்கள் ஆழமற்ற மணற்பரப்புக்கு வந்து குழி தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன; குளிர்காலத்தில் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. அங்கே இது நீர்ப்பறவைகளுக்கும் முதலைகளுக்கும் பெரிய மீன்களுக்கும் இரையாகி, ஏரியின் உணவுச் சங்கிலியில் ஓர் அளவோடு நிற்கும் மீன். கட்டுக்கடங்காத பெருக்கம் அதன் பிறவிக்குணம் என்று நாம் எண்ணிக்கொள்வது நம் ஏரியில் கண்டதை வைத்துத்தான்.

ஆசியாவுக்கு வந்த வழி

இம்மீன் ஆசியாவுக்கு வந்தது எப்படி என்பதற்கு முழுமையான விடை இல்லாவிட்டாலும், முதலில் காணப்பட்ட இடம் தெரியும். 1930-களின் இறுதியில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், தென்கரையிலுள்ள ஒரு காயலில் முஜாயிர் என்பவர் இந்தப் புது மீனைக் கண்டெடுத்து, நன்னீருக்குப் பழக்கி வளர்த்தார். அவர் வளர்த்தவை ஒரு சில மீன்களே. இன்றும் இந்தோனேசிய மொழியில் இம்மீனுக்கு முஜாயிர் என்றே பெயர். இரண்டாம் உலகப்போரின்போது சப்பானியர் ஆட்சியில் இது தென்கிழக்காசியாவின் பிற பகுதிகளுக்கும் பரவியது. 1946-இல் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்குக் கொண்டுசென்ற இருவரின் குடும்பப்பெயர்களைச் சேர்த்து, அங்கே இதை 'வூ-குவோ மீன்' என்கிறார்கள். மீனைக் கொண்டுவந்தவர் பெயரையே மீனுக்கு வைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. நாம் தின்பண்டத்தின் பெயரை வைத்துவிட்டோம்.

இந்தியாவுக்கு இது 1952-இல் வந்தது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. உணவுப் பஞ்சத்தின் நினைவு ஆறவில்லை. விலைகுறைந்த புரதம் எங்கே கிடைக்கும் என்பதே அன்றைய கேள்வி. தீவனம் இல்லாமல் பாசியைத் தின்று, தானே பெருகி, எந்தத் தண்ணீரிலும் வளரும் மீன் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? தென்னிந்தியாவின் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் இம்மீன் விடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதன் பெருக்கம் கவலையை உண்டாக்கியது. 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. அதற்குள் மீன் ஏரிகளில் வேர்விட்டிருந்தது. தடையைப் பற்றி மீனுக்குத் தெரியாது.

திருப்பூர் மாவட்டத்து அமராவதி அணை தமிழ்நாட்டில் இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு. அங்கே பிடிபடும் மீனில் ஜிலேபியே மேலோங்கியது. ராஜஸ்தானின் ஜெய்சமந்து ஏரியில் இது பெருகியபோது பெருங்கெண்டைகளின் சராசரி எடை குறைந்ததாகப் பதிவாகியுள்ளது.

இலங்கையின் அனுபவம் வேறுவிதமானது. அங்கும் 1950-களின் தொடக்கத்தில்தான் இம்மீன் விடப்பட்டது. பராக்கிரம சமுத்திரம் போன்ற பழம்பெரும் குளங்களில் அது பெருகி, உள்நாட்டு மீன்பிடித் தொழிலுக்கே அடித்தளமானது. மனிதர் வெட்டிய குளங்களில், ஆற்றுமீன்கள் பயன்படுத்தாத நடுநீர்ப்பரப்பை ஜிலேபி நிரப்பியது; அதனால் உள்நாட்டு மீன்களுக்குப் பெரிய கேடு வரவில்லை என்று அங்குள்ள ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். இந்தக் கருத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒரே மீன் ஓரிடத்தில் சோறு போடுகிறது, ஓரிடத்தில் கேடு செய்கிறது. எந்த ஏரி, அதில் முன்பே இருந்தவை எவை என்பதைப் பார்க்காமல் பொதுவாகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

செங்கல்பட்டு ஏரிகளில்

செங்கல்பட்டுக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. இந்த ஏரிகள் தனித்தனித் தொட்டிகள் அல்ல, சங்கிலித் தொடராக அமைந்தவை. வடகிழக்குப் பருவமழையில் ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த நீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். கொளவாய் ஏரியின் மிகுதிநீர் நீஞ்சல் மடுவு வழியே பாலாற்றைச் சேர்கிறது. மதுராந்தகம் ஏரியின் மிகுதிநீர் கிளியாற்றில் இறங்கிப் பாலாற்றுக்கே செல்கிறது. வேளாண்மைக்காக முன்னோர் செய்த இந்த ஏற்பாடு, புதிதாக வந்த மீனுக்கும் பாதையாகிவிட்டது. ஓர் ஏரியில் விட்டால் போதும். சில மழைக்காலங்களில் கீழ்ப்பக்கத்து ஏரிகளுக்கெல்லாம் சேர்ந்துவிடும்.

கோடையும் அதற்குத் துணை செய்கிறது. சித்திரை வைகாசியில் ஏரி வற்றி, மதகுக்கு அருகிலும் மண் எடுத்த பள்ளங்களிலும் மட்டும் நீர் தங்கும். அந்தச் சூடான, உயிர்வளி குறைந்த குட்டையில் கெண்டை வகைகள் செத்து மிதக்கும்போது ஜிலேபி தாக்குப்பிடிக்கும். நீரின் மேற்பரப்பில் வாயை வைத்து மூச்சுவிட்டுக்கொண்டு அடுத்த மழைவரை காலம் தள்ளும். விராலும் குறவையும் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உள்ளவை என்பதால் அவையும் தப்பும். மழை வந்து ஏரி நிரம்பும்போது வெறும் நீர்ப்பரப்பில் முதலில் பெருகத் தொடங்குவது குட்டையில் தப்பிய ஜிலேபிக் கூட்டமே. நகரத்துக் கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

மீன்பாசிக் குத்தகை எடுப்பவர்களுக்கு இதனால் நேரும் இழப்பு எளிதில் விளங்கும். அவர் காசு கொடுத்துக் கட்லா, ரோகுக் குஞ்சுகளை விடுகிறார். அழையாமலேயே இருக்கும் ஜிலேபி அந்தக் குஞ்சுகளுக்குரிய பாசியையும் நுண்ணுயிரிகளையும் தின்கிறது. குழி தோண்டிச் சேற்றைக் கலக்குகிறது. பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. வலை இழுக்கும்போது எடை இருக்கும், விலை இராது. ஆனால் கரையில் கூடை வைத்து விற்கும் பெண்களிடமும் அதை வாங்கிப் போகிறவர்களிடமும் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். விரால் வாங்க முடியாத வீட்டில் குழம்பு வைப்பது ஜிலேபியில்தான். வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள ஏரிகளில் இரை தேடும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீனின் பூர்வீகம் விசாரித்துத் தின்பதில்லை.

உப்பங்கழியில் ஓர் உறவினர்

ஜிலேபியின் மற்றொரு வியப்பான இயல்பு உப்பைத் தாங்குவது. நன்னீர் மீன் என்று வகைப்படுத்தப்பட்டாலும், படிப்படியாகப் பழக்கினால் கடல்நீரைப்போல் மூன்று மடங்கு உப்புள்ள நீரிலும் உயிர்வாழும். கடல்நீரிலேயே குஞ்சும் பொரிக்கும். எனவே பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காட்டு உப்பங்கழி, பாலாறு கடலில் சேரும் சதுரங்கப்பட்டினம் பக்கம் போன்ற இடங்களின் நீர் அதற்கு அந்நியமல்ல. முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபட்டு, கோடையில் உப்பு ஏறும்போதும் அது இடம் மாற வேண்டியதில்லை. ஆப்பிரிக்கக் கழிமுகங்களில் பழகிய குணம் அது.

அங்கே அதற்கு ஒரு தூரத்து உறவினர் உண்டு. செத்தைக்கெண்டை என்று சொல்லப்படும், கேரளத்தார் கரிமீன் என்று போற்றும் எட்ரோபிளஸ் சுரடென்சிஸ். இந்தியாவுக்கே உரிய சிக்லிட்டுகள் மூன்றுதான். அவற்றுள் பெரியது இது. மற்றவை செல்லக்காசு எனப்படும் சிறு மீனும், கர்நாடகத்து ஆறுகளில் மட்டும் வாழும் கனரா எட்ரோபிளசும். ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரே நிலப்பரப்பாக இருந்த காலத்தின் மிச்சம் இந்த உறவு என்று உயிரியலாளர் பலர் கருதுகின்றனர்.

செத்தைக்கெண்டையின் குடும்பமுறை வேறு. கல்லிலோ மூழ்கிய கட்டையிலோ முட்டைகளை ஒட்டவைத்து, தாயும் தந்தையும் சேர்ந்து துடுப்பால் விசிறிக் காக்கும். அதற்குத் தெளிந்த நீரும் ஒட்டுவதற்கு ஒரு பரப்பும் வேண்டும். முட்டையை வாயிலேயே சுமந்து திரியும் ஜிலேபிக்கு எதுவும் வேண்டாம். நீர் கலங்கலானால், கரை சீர்கெட்டால், இரண்டில் எது பின்தங்கும் என்பதை ஊகிக்கலாம். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. அந்நிறுவனம் செத்தைக்கெண்டைக் குஞ்சுகளைப் பண்ணையில் உற்பத்தி செய்யும் முறையை வகுத்துள்ளது.

தாயகத்தில் ஏன் அழிவாய்ப்பு?

இவ்வளவு வலிய மீன் பிறந்த மண்ணில் எப்படித் தோற்கிறது? அதைத் தோற்கடிப்பது அதன் நெருங்கிய உறவான நைல் திலாப்பியா. இதன் அறிவியற்பெயர் ஓரியோகுரோமிஸ் நிலோடிகஸ். இது வேகமாக வளர்வது, பெரிதாவது, மீன்பண்ணைகளுக்கு ஏற்றது. தென்னாப்பிரிக்க நாடுகளின் பண்ணைகளுக்குக் கொண்டுவரப்பட்டபோது வெள்ளத்திலும் கவனக்குறைவாலும் ஆறுகளுக்குள் தப்பியது. 1990-களில் லிம்போப்போ ஆற்று வடிநிலத்தில் அது காணப்பட்டது. சாம்பெசி வடிநிலத்திலும் பரவியது.

உணவுக்கும் குழி தோண்டும் இடத்துக்கும் போட்டி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் கலப்பினம். இவ்விரு மீன்களும் எளிதில் கலந்து, பிறக்கும் குஞ்சுகளும் மலடாக இல்லாமல் மீண்டும் இரு பக்கமும் கலக்கின்றன. சில தலைமுறைகளில் ஆற்றில் மீன் குறையாது. ஆனால் அவற்றுள் தூய மொசாம்பிகஸ் எது என்று சொல்ல முடியாமல் போய்விடும். பார்வைக்குத் தெரியாத அழிவு இது. வலையில் விழும் மீனின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது.

2007-இல் செம்பட்டியல் இதை அச்சுறு நிலையை அண்மித்த இனமாகக் கருதியது. 2019 மதிப்பீட்டில் ஒரு படி மேலேறி அழிவாய்ப்பு இனம் ஆனது. பத்து ஆண்டுகளிலோ மூன்று தலைமுறைகளிலோ, இவற்றில் எது நீண்டதோ அந்தக் காலத்தில், ஓர் இனத்தின் எண்ணிக்கை 30 விழுக்காடாவது குறைந்திருந்தால், அல்லது இனிக் குறையும் என்று கணிக்கப்பட்டால், இந்த வகையில் சேர்க்கலாம் என்பது விதிகளுள் ஒன்று. மொசாம்பிகசைப் பொறுத்தவரை வருங்காலக் கணிப்பே முதன்மையான காரணம். தென்னாப்பிரிக்கா நைல் திலாப்பியாவை ஊடுருவி இனமாக அறிவித்துக் கட்டுப்பாடுகள் விதித்துள்ளது.

விக்டோரியா ஏரியில் இதே போன்ற ஒன்று முன்பே நடந்துவிட்டது. 1950-களிலும் 60-களிலும் அங்கு நைல் கொடுவாவும் நைல் திலாப்பியாவும் விடப்பட்டன. ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறு சிக்லிட் இனங்கள் மறைந்தன. ஏரிக்கரை மக்கள் விரும்பி உண்ட இங்கேகே என்ற திலாப்பியா (ஓரியோகுரோமிஸ் எஸ்குலென்டஸ்) பெரிய ஏரியிலிருந்து ஏறக்குறைய துடைக்கப்பட்டு, சுற்றியுள்ள சிறிய துணை ஏரிகளில் ஒதுங்கியது.

இங்கேதான் நிறைய இருக்கிறதே

பணியில் இருந்த நாளில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது: "சார், நம்ம ஏரியிலதான் நெறைய இருக்கே, அங்க போச்சுன்னா இங்கிருந்து அனுப்பிட வேண்டியதுதானே?" வகுப்பே சிரித்தது. கேள்வி சிரிப்புக்குரியது அன்று. அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. இப்போது சற்றுத் தெளிவாகச் சொல்ல முடியும்.

ஆசியாவில் உள்ள இம்மீன்களில் பெரும்பாலானவை ஜாவாவில் வளர்த்த ஒரு சில மீன்களின் வழித்தோன்றல்கள். ஒரு நூலகம் எரிந்தபின் அதிலிருந்து இரவல் வாங்கிய நாலு புத்தகங்களை ஆயிரம் படி எடுத்தாலும் நூலகம் ஆகாது. சாம்பெசியின் மீன், லிம்போப்போவின் மீன், குளிர் மிகுந்த கிழக்குக் கேப்பின் மீன் என்று ஒவ்வோர் ஆற்றிலும் நெடுங்காலமாகச் சேர்ந்த மரபு வேறுபாடு நம் ஏரிகளில் இல்லை. போதாக்குறைக்கு, பண்ணைகளிலிருந்து தப்பும் நைல் திலாப்பியாவோடு கலக்கும் வாய்ப்பு இங்கும் இருக்கிறது. நம் கொளவாய் ஏரி மீனைக் கொண்டுபோய் லிம்போப்போவில் விட்டால் அது மற்றொரு கலப்படமாகத்தான் முடியும்.

தூய இனம் வேண்டும் என்பதற்குப் பயன்சார்ந்த காரணமும் உண்டு. நைல் திலாப்பியாவுக்கு வளர்ச்சி அதிகம், உப்பைத் தாங்கும் திறன் குறைவு. அந்தத் திறனைத் தருவது மொசாம்பிகஸ். சந்தையில் காணும் சிவப்புத் திலாப்பியா வகைகள் பலவற்றில் மொசாம்பிகசின் மரபு கலந்திருக்கிறது. கடலோர நிலங்களில் உப்பேறிவரும் காலத்தில், உவர்நீரில் வளரும் மீன்வகைகளை உருவாக்க விரும்புவோருக்கு அந்த மரபின் மூலக்கிடங்கு தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகளே.

இந்தியாவில் இப்போது அனுமதி பெற்றுப் பண்ணைகளில் வளர்ப்பது மேம்படுத்தப்பட்ட நைல் திலாப்பியா. அது தானே பெருகிவிடாதபடி, குஞ்சுப் பருவத்தில் தீவனத்தின் மூலம் இயக்குநீர் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கி வளர்க்கிறார்கள். 1952-இன் அனுபவம் கற்றுத்தந்த முன்னெச்சரிக்கை அது. பண்ணைக் குட்டைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு வரப்புதான் இருக்கிறது என்பதையும், கார்த்திகை மழையில் வரப்பு நிற்பதில்லை என்பதையும் இப்பக்கத்து விவசாயிகள் அறிவார்கள்.

நம் ஏரியின் அழிவாய்ப்பு மீன்

ஆப்பிரிக்க மீனைப் பற்றிப் பேசும்போது, அதே அழிவாய்ப்பு வகையில் உள்ள நம் மீன் ஒன்றை விட்டுவிடக் கூடாது. அது வாளை (வாலகோ அட்டு). 1801-இல் வெளிவந்த பிளாக், ஷ்னைடர் நூலில் விவரிக்கப்பட்டது. நாம் பேச்சில் 'ஆத்து வாளை' என்பதைக் கேட்டால் 'அட்டு' எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. செதில் இல்லாத நீண்ட உடல், கண்ணையும் தாண்டி நீளும் வாய், இரண்டு இணை மீசைகள், வயிற்றிலிருந்து வால்வரை ஓடும் அடித்துடுப்பு. பிற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன். மழைக்காலத்தில் வெள்ளநீரை எதிர்த்து ஏறி முட்டையிடும். அணைகளும் மணல் அள்ளிய ஆறுகளும் அந்த வழியைக் கெடுத்தன. மிகுந்த பிடிப்பும் சேர்ந்துகொண்டது. சங்கப் பாடல்களில் பலமுறை பேசப்படும் இம்மீனை இன்றைய மாணவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? மாமல்லபுரம், கோவளம் கடற்கரையில் வாளை என்று கேட்டால் வெள்ளி நாடாவைப்போன்ற கடல் மீனைக் காட்டுவார்கள். அது சாவாளை இனம். முற்றிலும் வேறு குடும்பம். பெயர் கடலில் பிழைத்திருப்பதால் ஏரியில் மீன் குறைந்தது பலருக்குத் தெரியவில்லை.

சந்தையில் அடையாளம் காணல்

ஜிலேபி, நைல் திலாப்பியா, செத்தைக்கெண்டை ஆகிய மூன்றையும் மீன் கடையிலேயே பிரித்தறியலாம். முதலில் அடித்துடுப்பின் முட்களை எண்ண வேண்டும். மூன்று முள் இருந்தால் திலாப்பியா வகை. பன்னிரண்டு, பதின்மூன்று என்று நிறைய இருந்தால் செத்தைக்கெண்டை. திலாப்பியா என்று உறுதியானபின் வால்துடுப்பை விரித்துப் பார்க்கவும். மேலிருந்து கீழாக ஒழுங்கான கோடுகள் வால் முழுவதும் தெரிந்தால் நைல் திலாப்பியா. கோடு இல்லாமல் வெறுமையாக இருந்தால் மொசாம்பிகஸ். பாதிக்கோடும் பாதி வெறுமையுமாக, எதிலும் சேராமல் இருந்தால் கலப்பினமாக இருக்கக்கூடும். அதை உறுதிசெய்ய மரபணுச் சோதனை வேண்டும். முள் கூர்மையானது, எண்ணும்போது துடுப்பை வாலை நோக்கித் தடவி மடக்கியபின் மெல்ல விரிக்கவும்.